சேலத்து அடுப்பில் மொரீசியஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மொரீசியஸ் போய்வர ரொம்ப நாள் ஆசை. செலவு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அந்தத் தீவைக் கொஞ்சம் காட்ட வேண்டும். எதில் ஆரம்பிக்கலாம்? (வாசகி, அஸ்தம்பட்டி)

பருப்புப் பூரணம் வைத்துச் சுடும் ‘டோல் பூரி’யில் ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் பூமாலை, காகிதத் தென்னை மரம் என்று காசைக் கரைக்க வேண்டாம். அவற்றுக்கும் மொரீசியஸுக்கும் சம்பந்தமே இல்லை. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போன வட இந்திய போஜ்பூரி மக்கள் கொண்டுபோன பண்டம்தான் டோல் பூரி. இன்று எல்லாச் சமூகத்தாரும் தெருவோரத்தில் நின்று சாப்பிடுகிறார்கள். ஜோடி ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒப்பட்டு தட்டிப் பழகிய கைக்குப் பாதி வேலை தெரிந்ததுதான்.

கடலைப்பருப்போ மஞ்சள் பட்டாணிப்பருப்போ 250 கிராம் எடுத்து 2 மணி நேரம் ஊறவைத்து, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம்; ஒரு விசில் கூடினாலும் குழைந்துவிடும். சுமார் 25 நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பாருங்கள். உடைய வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். 400 கிராம் மைதாவுக்கு 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயும் உப்பும் சேர்த்து, ஆறிய பருப்புத் தண்ணீர் 225 மில்லி அளவுக்கு விட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, காது மடல் மாதிரி இருக்கட்டும். அரை மணி மூடிவையுங்கள்.

பருப்பை நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் விடாமல் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, உப்பும் ஒரு டீஸ்பூன் வறுத்த சீரகப் பொடியும் கலந்துகொள்ளுங்கள். பிசைந்த மாவில் 16 உருண்டை வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் பருப்புப் பொடியை வைத்து மூடி, மெல்லிசாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லில் எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் முக்கால் நிமிடம் போட்டு எடுங்கள். தீ குறைந்தால் அப்பளமாக விறைத்துவிடும். எடுத்ததும் துணியில் அடுக்கி மூடுங்கள். தொட்டுக்கொள்ள பட்டர் பீன்ஸ் குழம்பும், தக்காளி, பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், தைம் இலை சேர்த்து வதக்கிய ‘ரூகாய்’ தொக்கும் வேண்டும். இரண்டையும் பூரிக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுப்பதுதான் வழக்கம்.

கேள்வி: இதே பூரியைச் செய்தேன். பருப்பு முக்கால் மணி கொதித்தும் நடுவில் கல்லாக இருந்தது. தேய்க்கும்போது ஓரமெல்லாம் கிழிந்தது. (வாசகர், ஏற்காடு)

இரண்டுக்கும் காரணம் பருப்புதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. வெந்நீரில் 4 மணி நேரம் ஊறவையுங்கள், வேக ஒரு மணி வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சேலத்திலும் போர் தண்ணீரில் வேகவைத்தால் இதே தொல்லை வரும். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை வேகவிடாது. அதற்கு மட்டுமாவது காவிரித் தண்ணீரை எடுங்கள்.

வேகாத பருப்பு அரைபடாமல் குருணையாக நின்று மாவைக் குத்திக் கிழிக்கும். சல்லடையில் சலித்துவிட்டால் தெரிந்துவிடும். பூரணம் ஈரமாக இருந்தாலும் கிழியும். கையில் பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். உதிராவிட்டால் வெறும் வாணலியில் சிறு தீயில் 5 நிமிடம் புரட்டி ஆறவிடுங்கள்.

கேள்வி: அங்கே நம் தமிழர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சாப்பாடு எப்படி? (வாசகி, செவ்வாய்ப்பேட்டை)

காவடி விரதம் முடிந்ததும் வாழையிலையில் ‘செத் காரி’, அதாவது ஏழு கறி, பரிமாறுவார்கள். வாழைக்காய், பலாக்காய், பூசணி, கத்தரிக்காய், ரசம், பாயசம் என்று வீட்டுக்கு வீடு மாறும், அசைவம் கிடையாது. தைப்பூசம் அங்கே பொது விடுமுறை. ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து உண்டு. ஊர்ப் பெயர்களைவிடச் சமையல் சொற்கள்தான் நமக்கு நெருக்கம்: கறிவேப்பிலை ‘கரிபுலே’, முருங்கை ‘முரூம்’, ரசம் ‘ராசோன்’. இலையில் ஒவ்வொன்றாக வைக்கும்போது இந்தப் பெயர்களைச் சொல்லிப் பரிமாறுங்கள், பிள்ளைகளுக்கு அப்படியே பதிந்துவிடும். மாலைக்குச் சின்னப் பருப்பு வடையைச் சூடாக, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துக் கொடுங்கள். அதுதான் அவர்களுடைய ‘கட்டோ பிமா’.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சௌசௌ கொடி படர்ந்து கிடக்கிறது. காய் தவிர உபயோகம் உண்டா? (வாசகர், நாகலூர்)

கொழுந்துதான் மொரீசியஸில் கீரை. நுனியிலிருந்து ஒரு சாண் கிள்ளி, சுருள் நூல்களை எடுத்து, தண்டின் நாரை உரியுங்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி தட்டி வதக்கி, கீரையும் 3 டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடாமல் 10 நிமிடம். சோற்றில் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

கேள்வி: பாட்டு, தாளம்? (மாணவி, ஓமலூர்)

செகா கேளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வளர்த்த இசை. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய பாணிக்கு தி ஃப்ரேர் பாடியவற்றைத் தேடுங்கள். ஆறு எண்ணுங்கள், ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம் விழும். ஆடும்போது பாதத்தைத் தரையிலிருந்து தூக்கக்கூடாது. தேய்த்தபடியே நகர வேண்டும், அசைவெல்லாம் இடுப்பில்தான்.

முக்கிய வாத்தியம் ரவான், ஆட்டுத்தோல் கட்டிய பெரிய வட்டப் பறை. கையால் அடிப்பார்கள், குச்சி கிடையாது. நம் பறையைப் போலவே தீயில் காய்ச்சித்தான் எடுப்பார்கள். காய்ச்சாவிட்டால் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும். அதை வீட்டில் செய்வது கஷ்டம். கூடவே ஒலிக்கும் மராவானைச் செய்துவிடலாம். அங்கே கரும்புப் பூத்தண்டில் கட்டுவார்கள். நீங்கள் 30-க்கு 20 சென்டிமீட்டர் அளவில் கெட்டி அட்டை இரண்டு வெட்டி, நடுவில் 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நான்கு ஓரமும் அடைத்து ஒட்டுங்கள். உள்ளே காய்ந்த மொச்சை ஒரு கைப்பிடி மட்டும். அதிகம் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சத்தம் மழுங்கும். குன்றிமணி வேண்டவே வேண்டாம், விஷம். பசை ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு இரு கையாலும் படுக்கையாகப் பிடித்து, இடமும் வலமுமாக ஆட்டுங்கள்; மேலும் கீழுமாகக் குலுக்கினால் தாளம் பிடிபடாது.