பிரவுசரில் கேம் திக்கித் திணறுகிறதா? கேச்சை விட்டுவிட்டு ஜிபியுவைப் பாருங்கள்

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில், க்ரோமில்தான் கேம் விளையாடுகிறேன். கொஞ்ச நேரம் போனதும் திக்க ஆரம்பிக்கிறது. தினமும் கேச் அழித்துப் பார்த்துவிட்டேன், பிரவுசரையும் இரண்டு முறை மாற்றிவிட்டேன். ரேம் கூட்டினால்தான் சரியாகுமா?

பதில்: முதலில் அந்தக் கேச் அழிக்கும் வேலையை நிறுத்துங்கள். கேமின் படங்களும் ஒலிகளும் அங்கேதான் இருக்கின்றன, அழித்தால் அடுத்த முறை எல்லாம் மறுபடி இறங்க வேண்டும், திக்கல் கூடுமே தவிர குறையாது. அதோடு குக்கீஸ், தளத் தரவு என்ற பெட்டியையும் சேர்த்து டிக் செய்தால் போச்சு, பல கேம்கள் சேவ் செய்வதைப் பிரவுசருக்குள்ளேயேதான் வைத்திருக்கின்றன.

அடுத்து, திக்கல் எந்த மாதிரி என்று பாருங்கள். படம் வழவழவென ஓடுகிறது, ஆனால் கிளிக் செய்தது தாமதமாக நடக்கிறது, ஆள் திடீரென்று பின்னால் இழுக்கப்படுகிறான் என்றால் அது நெட் பிரச்சினை. பிரவுசர் செட்டிங்ஸில் அதற்கு மருந்து இல்லை, வைஃபைக்குப் பதில் கேபிள் போட்டுப் பாருங்கள். படமே வெட்டி வெட்டி வருகிறதா, அப்படியானால் தொடர்ந்து படியுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும் திரையில், ஒரு ஃப்ரேமை (ஒரு தனிப் படத்தை) வரைய ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும், அதற்குள் முடியாத ஃப்ரேம் தவறிப்போகும், அதைத்தான் நாம் திக்கல் என்கிறோம்.

அதனால் என் முதல் சந்தேகம் எப்போதும், வரைகிற வேலையை ஜிபியு, அதாவது படம் வரைவதற்கென்றே உள்ள சிப், செய்கிறதா, பிராசஸர் தலையில் விழுந்திருக்கிறதா என்பதுதான். க்ரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை ஆன் செய்து, பிரவுசரை மூடித் திறங்கள். ஆன் செய்தாயிற்று என்று நம்பி விட்டுவிடக் கூடாது, சரிபார்க்க வேண்டும்: முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் க்ரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஜிபியு என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் வெப்ஜிஎல் (பிரவுசரில் கேம் படங்களை வரைய உதவும் நுட்பம்) என்ற வரிக்கு எதிரே ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் என்றிருந்தால் நல்லது. சாஃப்ட்வேர் என்றிருந்தால் திருடன் பிடிபட்டான். பெரும்பாலும் ஜிபியுவை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் பழசாக இருக்கும், தொல்லை தரும் டிரைவர்களை க்ரோம் தானாகவே ஒதுக்கி வைத்துவிடும். அந்த ஒதுக்கலை மீறச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு, காரணத்தோடுதான் ஒதுக்கியிருக்கிறார்கள், டிரைவரைப் புதுப்பிப்பதே சரியான வழி.

லேப்டாப்பில் இரண்டு ஜிபியு இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் உங்கள் பிரவுசருக்கு ஹை பர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியதும் க்ரோமின் எனர்ஜி சேவர் ஃப்ரேம் வேகத்தைக் குறைத்துவிடும், எட்ஜின் எஃபிஷியன்சி மோடும் இதே ரகம்தான்.

எட்ஜ் பயன்படுத்துபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: இணையப் பாதுகாப்பைக் கூட்டும் செட்டிங் ஆன் ஆகியிருந்தால், ஜாவாஸ்கிரிப்டை வேகமாக ஓட்டும் ஜிட் என்ற நுட்பத்தை அது பல தளங்களில் அணைத்துவிடுகிறது. கனமான கேமுக்கு அது பெரிய அடி. முழுசாக நிறுத்த வேண்டாம், கேம் தளத்தை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

பிரவுசரில் நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்களைச் சோதிக்க ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கெஸ்ட் விண்டோ திறந்து அதே கேமை ஓட்டுங்கள், அங்கே எக்ஸ்டென்ஷன் எதுவும் இருக்காது. நன்றாக ஓடினால் குற்றவாளி அவற்றில் ஒன்று, ஷிஃப்ட்டோடு எஸ்கேப் அழுத்தினால் வரும் க்ரோமின் டாஸ்க் மேனேஜரில் யார் அதிகம் தின்கிறார்கள் என்று தெரிந்துவிடும். புது பிரவுசர் போட்டதும் வேகமாகத் தெரிவதற்கும் பாதிக் காரணம் இதுதான், அதில் இன்னும் நீங்கள் எதையும் நிறுவவில்லை! மற்றபடி க்ரோம், எட்ஜ், ஓபரா ஜிஎக்ஸ் எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் நிற்பவை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி அதிகம் கிடைக்காது. மாறித்தான் பார்க்க வேண்டுமென்றால் வேறு எஞ்சின் உள்ள ஃபயர்பாக்ஸை முயன்று பாருங்கள்.

சரி, ரேம். பெரும்பாலான பிரவுசர் கேம்களுக்கு 8 ஜிபி போதும், கூடவே நாற்பது டேப் திறந்து வைக்காத வரை. க்ரோமின் மெமரி சேவரை ஆன் செய்தால் சும்மா கிடக்கும் டேப்களை அது தூங்க வைக்கும், கேம் தளத்தை மட்டும் எப்போதும் விழித்திருக்கும் பட்டியலில் போடுங்கள். அப்போதும் வேறு டேபுக்குப் போனால் கேம் மந்தமாகும், மறைந்திருக்கும் டேபின் டைமர்களைப் பிரவுசர் வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. தனி விண்டோவில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இத்தனைக்கும் பிறகு, கெஸ்ட் விண்டோவிலும் திக்கினால் அந்த கேம் உங்கள் ஜிபியுவுக்குக் கனம். தெளிவுத்திறனை 1920×1080 என்பதிலிருந்து 1280×720 ஆக்குங்கள், வரைய வேண்டிய பிக்சல்கள் 20 லட்சத்திலிருந்து சுமார் 9 லட்சமாகும். கேமில் அந்த வசதி இல்லையா? பல கேம்களில் விண்டோவைச் சின்னதாக்கினாலே வேலை நடக்கும்.