கிளிப்-ஆன் கேஸ் இருக்கட்டும், ஹண்டிங் லைசென்ஸ் இருந்ததா?

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறேன். ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது. நண்பரின் ரான்ச்சில் ராத்திரியில் காட்டுப்பன்றி சுடப் போவோம். ரைஃபிள் நண்பருடையது, ஸ்கோப் என்னுடையது. ஸ்கோப்புக்கு முன்னால் மாட்டும் ஜென்-3 (மூன்றாம் தலைமுறை) நைட் விஷன் கிளிப்-ஆன் ஒன்றை நம் ஊர்க்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக 4,200 டாலருக்கு வாங்கினேன். "ஒரு புள்ளிகூடக் கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பார்த்தால் இரண்டு கறுப்புப் புள்ளி. ஸ்கோப்பை 12 பவரில் (12 மடங்கு பெரிதாக்கி) வைத்தால் படம் முழுக்க மணல் மணலாக இருக்கிறது. மாட்டிச் சுட்டால் நூறு கஜத்தில் குண்டு நாலு அங்குலம் தள்ளி விழுகிறது. தனியாக 940 நானோமீட்டர் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு வாங்கியும் பிரயோஜனம் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "உன்னை யார் துப்பாக்கியைத் தொடச் சொன்னது, ஏடிஎஃப்-க்கு (துப்பாக்கிச் சட்டங்களைப் பார்க்கும் மத்திய அமைப்பு) எழுதட்டுமா?" என்கிறார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், மனசு ஆறவில்லை. கேஸ் போட வேண்டும். இல்லையென்றால் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துவிடலாமா? தென்காசிப் பக்கம் பன்றித் தொல்லை அதிகம்.

பதில்: அவர் உங்கள் வீட்டில் சாப்பிட்டதும் பிறகு மாறிப்போனதும் கோர்ட்டுக்குத் தேவையில்லாத விஷயம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல், அதை நீங்கள் எழுதவே இல்லை. ரைஃபிளைக் கையில் எடுத்த ஒவ்வொரு நாளும் உங்கள் பெயரில் காலாவதியாகாத ஹண்டிங் லைசென்ஸ் இருந்ததா?

அமெரிக்க மத்தியச் சட்டம் 18-ஆம் தலைப்பு, 922(ஜி)(5)(பி): குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) எல்லாம் இதில் அடக்கம். 922(ஒய்)(2) சில விலக்குகள் தருகிறது. உங்களைப் போன்றவருக்குப் பொருந்துவது ஒன்றுதான்: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த ஹண்டிங் லைசென்ஸ். அது இருந்தால் குற்றமில்லை. இல்லாவிட்டால் அதிகபட்சம் 15 வருடம். 2022-க்கு முன்பு 10 ஆக இருந்ததை உயர்த்திவிட்டார்கள்.

நம் ஆட்கள் விழும் குழி இங்கேதான். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட ஹண்டிங் லைசென்ஸ் தேவையில்லை. ரான்ச்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். "பன்றிக்கு லைசென்ஸ் எதற்கு, சும்மா வா" என்று கூப்பிடுவார்கள். மாநிலச் சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. அது பன்றியைப் பற்றிய சட்டம். உங்கள் கையில் இருக்கும் ரைஃபிளைப் பற்றிய சட்டம் வாஷிங்டனுடையது. டெக்சாஸ் கொடுத்த சலுகை உங்கள் விசாவுக்குப் பொருந்தாது. பக்கத்தில் நிற்கும் அமெரிக்கக் குடிமகனுக்கு லைசென்ஸ் வேண்டாம், உங்களுக்கு வேண்டும்.

லைசென்ஸ் வாங்கியவர்களிலும் பாதிப் பேர் தேதியில் கோட்டை விடுகிறார்கள். டெக்சாஸ் ஹண்டிங் லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். ஜூலையில் வாங்கிவிட்டு ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்று செப்டம்பரில் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி மைதானம்) போனால் அன்று உங்களிடம் லைசென்ஸ் கிடையாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுக்கும் துப்பாக்கியும் 'வைத்திருத்தல்'தான். "நண்பருடையது, என்னுடையதல்ல" என்பதும் உதவாது. சட்டம் கேட்பது யார் கையில் இருந்தது என்றுதான், யார் பெயரில் பில் என்று அல்ல. லைசென்ஸ் புருஷன் பெயரில் மட்டும் இருந்து, துப்பாக்கி இருக்கும் வீட்டுப் பெட்டகத்தின் நம்பர் எச்-4-இல் இருக்கும் மனைவிக்கும் தெரியுமென்றால், அவர் தலையிலும் அதே கத்தி தொங்குகிறது.

விசாக்காரர்களை இப்படியெல்லாம் பிடிப்பார்களா என்று நினைக்க வேண்டாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கில் சிக்கியவர், மாணவர் விசாவில் வந்து படிப்பு நின்றுபோனபின் ரேஞ்சில் சுட்டவர். துப்பாக்கி வைத்திருந்ததோடு, தடை செய்யப்பட்ட வகையில் தான் இருப்பதும் அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. உங்களுக்கு அது பெரிய ஆறுதல் இல்லை. விசா ஸ்டாம்பிங்குக்குப் போய் வந்தவர் 'என் விசா என்னவென்று தெரியாது' என்று சொல்ல முடியாதே.

தண்டனையோடும் முடியாது. இந்தக் குற்றத்தில் தீர்ப்பு வந்தால் குடியேற்றச் சட்டத்தில் அது 'அக்ரவேட்டட் ஃபெலனி' (கடுங்குற்றம்), நாடு கடத்தல் வரை போகும். கைது நடக்காவிட்டாலும் நிம்மதி கிடையாது. கிரீன் கார்டுக்கு நீங்கள் போடும் ஐ-485 படிவம், பிடிபட்டீர்களா என்பதோடு நிறுத்தாமல், பிடிபடாமல் குற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா என்றும் கேட்கிறது. ஐ-140 அப்ரூவ் ஆகி வரிசையில் நிற்கும் நீங்கள் ஒருநாள் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும்.

இனி உங்கள் கேஸுக்கு வருவோம். ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) 20,000 டாலர் வரை கேட்கலாம் என்பதால் 4,200 அங்கே போகும். தனிநபர் விற்பனை என்பதால் 'பொருள் தரமாக இருக்கும்' என்ற மறைமுக உத்தரவாதம் கிடையாது, அது வியாபாரிக்கு மட்டும். 'ஒரு புள்ளிகூடக் கிடையாது' என்ற வாட்ஸ்அப் வரி வெளிப்படை உத்தரவாதம். உங்கள் கேஸ் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

மற்ற புகார்களை எதிர்த்தரப்பு ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடும். ஸ்கோப்புக்கு முன்னால் மாட்டும் நைட் விஷனில் 6, மிஞ்சினால் 8 பவருக்கு மேல் போனால் ட்யூபின் (மங்கிய வெளிச்சத்தைப் பெருக்கும் குழாய்) இரைச்சலைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். 12-இல் மணலாகத் தெரிவது பொருளின் குறை ஆகாது. ஜென்-3 ட்யூபின் உணர்திறன் 900 நானோமீட்டரை ஒட்டியே விழுந்துவிடும். 940 விளக்கு அதற்கு ஏறக்குறைய இருட்டு. டிஜிட்டல் கருவிக்காக விற்கப்படுவதை வாங்கியிருக்கிறீர்கள், 850 வாங்கியிருக்க வேண்டும். நாலு அங்குலத் தள்ளலுக்கு முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். ஸ்கோப்பின் முன்வாயில் பிடிக்கும் வளையம் கோணலாக இறுகினால் கிளிப்-ஆன் சாய்ந்து உட்காரும். ஐந்து குண்டு கிளிப்-ஆன் இல்லாமல், ஐந்து மாட்டி, கழற்றி மறுபடி மாட்டி ஐந்து. இரண்டு தடவையும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளினால் கருவியின் காலிமேஷன் (ஒளி நேராகப் போகும் சீரமைப்பு) பிசகியிருக்கிறது, மாட்டும்போதெல்லாம் இடம் மாறினால் அடாப்டர். லைசென்ஸ் கையில் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யப் போய்விடாதீர்கள்.

புள்ளிக்கும் விற்றவர் பதில் வைத்திருப்பார். ட்யூபின் ஓரத்தில் சின்னப் புள்ளி இருப்பதைத் தயாரிப்பாளரே அனுமதிப்பதுண்டு. நடுவில் இருந்தால், பகல் வெளிச்சத்தில் மூடி இல்லாமல் ஆன் செய்து நீங்களே எரித்துவிட்டீர்கள் என்பார். ட்யூபின் சீரியல் நம்பரோடு டேட்டா ஷீட் வாங்கினீர்களா? அதில் ரெசல்யூஷன், எஸ்என்ஆர் (படத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்), எந்த வட்டத்தில் எத்தனை புள்ளி எல்லாம் இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் புள்ளி எப்போது வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது.

கேஸே வேண்டாம் என்பதுதான் என் யோசனை, அதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. குண்டு தள்ளிப்போகிறது என்று நிரூபிக்க, எந்தத் தேதியில் எந்த இடத்தில் எந்த ரைஃபிளில் மாட்டிச் சுட்டீர்கள் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஒரு தேதி அதில் இருந்தாலும் அது உங்கள் வாயாலேயே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். அரசு உங்கள் மேல் வழக்குத் தொடரக் காலவரம்பு ஐந்து வருடம். ரைஃபிளைக் கொடுத்த நண்பரும் மாட்டுவார். தடை உள்ளவர் என்று தெரிந்தோ, நினைக்க நியாயமான காரணம் இருந்தோ துப்பாக்கி கொடுப்பது 922(டி)-யில் தனிக் குற்றம், அதற்கும் 15 வருடம்தான். 4,200 டாலருக்கு இந்த விலையா?

சமாதானமாகப் போங்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்து 2,500 கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு விலகுங்கள். இரண்டு பக்கமும் ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பணக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, சீரியல் நம்பரைக் குறித்துக் கையெழுத்து. 'ஏடிஎஃப்-க்கு எழுத மாட்டேன்' என்ற வார்த்தை அதில் வரவே கூடாது. மத்தியச் சட்ட மீறலைச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பதற்காகப் பணம் கேட்பதும் வாங்குவதும் 18-ஆம் தலைப்பு 873-இல் குற்றம். அவர் மிரட்டிய மெசேஜை அழிக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். 'நான் லைசென்ஸ் இல்லாமல் சுட்டது உண்மைதான், ஆனால்' என்று ஆரம்பித்து அனுப்பிய மெசேஜ்கள்தான் பிறகு பேப்பர் கட்டோடு திரும்பி வருகின்றன.

லைசென்ஸ் இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். டெக்சாஸில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தவருக்கு ரெசிடென்ட் கட்டணம் 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர் என்றால் ஹன்டர் எஜுகேஷன் முடித்திருக்க வேண்டும். இது இன்றிலிருந்துதான் காக்கும், நேற்றைக் கழுவாது. நேற்றைப் பற்றி ஐ-485 போடுவதற்கு முன் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் நேரில் பேசுங்கள், மின்னஞ்சலில் வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். துப்பாக்கியில் மாட்டும் ஜென்-3 கிளிப்-ஆன் ஐடார் (அமெரிக்க ராணுவப் பொருள் ஏற்றுமதி விதிகள்) பட்டியலின் 12-ஆம் வகையில் வரும் ராணுவப் பொருள். வெளியுறவுத் துறை லைசென்ஸ் இல்லாமல் பெட்டியில் வைத்து விமானம் ஏறினாலே ஏற்றுமதி. விற்பனையா பரிசா என்ற பேச்சே கிடையாது. ஒரு குற்றத்துக்கு அதிகபட்சம் 20 வருடம், பத்து லட்சம் டாலர் அபராதம். டிஜிட்டல் கருவி என்றாலும் வணிகத் துறையின் பட்டியலைப் பார்க்காமல் நகர்த்தக் கூடாது. அப்படியே போய்ச் சேர்ந்தாலும் அப்பாவுக்கு உபயோகமில்லை. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் வரை அவர் தன் இஷ்டத்துக்குப் பன்றியைச் சுட முடியாது. தொல்லை என்றால் வனத்துறை ரேஞ்சருக்கு மனு கொடுக்கச் சொல்லுங்கள், பயிர்ச் சேத இழப்பீட்டுக்கும் சேர்த்து.