புகைத்ததே இல்லை, எனக்கு ஏன் நுரையீரல் புற்றுநோய்?

கேள்வி: அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை டாக்டர். எப்படி வந்தது?

பதில்: இந்த நோய் வருபவர்களில் சுமார் 10 முதல் 25 சதவீதம் பேர் புகைக்காதவர்கள்தான். அவர்களில் பெண்கள் அதிகம். வீட்டில் பிறர் விடும் புகை, மண்ணிலுள்ள யுரேனியத்திலிருந்து உருவாகி வீட்டுக்குள் தேங்கும் ரேடான் வாயு, ஆஸ்பெஸ்டாஸ், காற்று மாசு எல்லாமே காரணமாகலாம். மாசுக்காற்றில் உள்ள நுண்துகள்கள் நுரையீரலில் அழற்சியைத் தூண்டி, ஏற்கெனவே மரபணுப் பிழையோடு உறங்கிக் கிடக்கும் செல்களை எழுப்பிவிடுவதாக 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. பலருக்குக் கடைசிவரை காரணம் தெரிவதே இல்லை. அம்மா எந்தத் தவறும் செய்யவில்லை. இதை அவரிடமே சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாக இருமல். காசநோய் மருந்து சாப்பிட்டும் குறையவில்லை. சளியில் கிருமியும் இல்லை.

பதில்: இனியும் காத்திருக்காதீர்கள். சி.டி. ஸ்கேன் எடுங்கள், நிழல் தெரிந்தால் பயாப்ஸி, அதாவது சிறிது திசு எடுத்துச் சோதிப்பது. 'இவர் புகைக்காதவர்' என்ற நினைப்பிலேயே மாதங்கள் ஓடிவிடுவதைப் பார்த்து நொந்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணனுக்கு வந்திருக்கிறது. நானும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன் உயிர் காக்கும் என்று 2011-ல் நிரூபித்த பெரிய ஆய்வு, அதிகம் புகைத்தவர்களிடம் நடந்தது. புகைக்காதவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. தீங்கில்லாத சிறு கட்டிகள் தென்பட்டு, வீண் பயாப்ஸி வரை போகலாம். குடும்பத்தில் பலருக்கு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: நான்காம் நிலை, அதாவது பரவிவிட்டது, அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகை என்கிறார்கள். மரபணுச் சோதனை முடிவு வருவதற்குள் சிகிச்சையைத் தொடங்கிவிடலாமா?

பதில்: மூச்சுத்திணறல் போன்ற அவசரம் இல்லையென்றால் முடிவுக்குக் காத்திருங்கள். புகைக்காதவர்களிடம் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்1 (ROS1) போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இருந்தால் ஓசிமெர்டினிப், அலெக்டினிப் போன்ற மாத்திரைகளே முதல் சிகிச்சையாகலாம். பலருக்குக் கட்டி நன்றாகச் சுருங்குகிறது. முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆண்டுக்கணக்கில் நடமாடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவசரப்பட்டு இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) கொடுத்துவிட்டு உடனே ஓசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரலில் கடுமையான அழற்சி வரலாம், அதனால்தான் இத்தனை வலியுறுத்துகிறேன். பயாப்ஸி திசு போதவில்லை என்றால் ரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்ய முடியும். ரத்தத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் அதை முடிவாக எடுக்க வேண்டாம், திரும்பவும் திசு கேட்பார்கள், கொடுங்கள்.