கட்டம் தொலைந்தால் உருவம் மீளுமா?

கேள்வி: எந்தச் சமிக்ஞையையும் பல அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்றும், ஒவ்வோர் அலையின் வீச்சும் (அலையின் உயரம்) கட்டமும் (முகடு இருக்கும் இடம்) தெரிந்தால் மூலத்தை மீட்டுவிடலாம் என்றும் பாடத்தில் படித்தேன். படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறும் கதிரைக் கொண்டு அணுக்களின் அமைப்பை அறியும் எக்ஸ் கதிர்ப் படிக ஆய்விலோ வீச்சு மட்டுமே பதிவாகிறதாம். பாதி விவரம் போன பிறகு மூலக்கூறின் உருவம் எப்படிக் கிடைக்கிறது? (இயற்பியல் மாணவி, திண்டுக்கல்)

பதில்: எக்ஸ் கதிர் விநாடிக்கு ஏறத்தாழ 3-க்குப் பின் 18 சுழிகள் போட்ட அளவுக்குத் துடிக்கிறது. இந்த வேகத்தைத் தொடரக்கூடிய உணர்கருவி எதுவும் இல்லை என்பதால், வந்து சேரும் ஆற்றல், அதாவது வீச்சின் வர்க்கம், மட்டுமே பதிவாகிறது. அலையின் முகடு எங்கே இருந்தது என்று சொல்லும் கட்டம் அங்கேயே மறைந்துவிடுகிறது.

போனது பாதிதான் என்று எண்ணிவிட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் ஒரு படிக அமைப்பின் வீச்சுகளையும் வேறோர் அமைப்பின் கட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, கிடைத்த வரைபடத்தில் கட்டம் தந்த அமைப்பின் அணுக்களே தெரிவதை 1961-இல் காட்டினார்கள். நம் ஊரில் நடந்த இந்த ஆய்வு நம் வகுப்பறைகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

வீச்சு மட்டும் போதாது என்பதைத் தாளிலேயே பார்க்கலாம். 1, 5, 6 என்பது ஒரு சமிக்ஞை. 2, 7, 3 என்பது மற்றொன்று. இரண்டிலும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 62. அடுத்தடுத்த எண்களைப் பெருக்கிக் கூட்டினால் 35. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கினால் 6. எல்லா அதிர்வெண்களிலும் வீச்சை முடிவு செய்பவை இந்த மூன்று எண்களே என்பதால், இவ்விரு சமிக்ஞைகளையும் வீச்சைக் கொண்டு பிரித்தறிய முடியாது. ஆனால் முதல் எண் 1 என்று மட்டும் யாராவது சொல்லிவிட்டால், விடை 1, 5, 6 என்று உறுதியாகிவிடுகிறது.

கட்டத்தை மீட்கும் முறைகள் எல்லாம் இப்படியொரு கூடுதல் செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் ஆகியோர் 1972-இல் தந்த வழியைத் தழுவி ஃபைனப் 1978-இல் தந்த முறையில், முதலில் ஏதோ ஒரு கட்டத்தை ஊகித்து உருவத்தைக் கணக்கிடுகிறோம். அந்த உருவத்தில், பொருள் இருக்க முடியாத இடத்தில் வந்த மதிப்புகளையும் எதிர்க்குறி மதிப்புகளையும் திருத்துகிறோம். பிறகு திருத்திய உருவத்தை மீண்டும் அலைகளாகப் பிரித்து, புதிய கட்டத்தை வைத்துக்கொண்டு, கணக்கில் வந்த வீச்சுக்குப் பதில் அளந்த வீச்சையே இடுகிறோம். இதை நூற்றுக்கணக்கான முறை செய்தால் உருவம் பெரும்பாலும் நிலைபெறும். சில வேளைகளில் தவறான விடையில் சிக்கிக்கொள்வதும் உண்டு, அப்போது வேறு ஊகத்தில் தொடங்க வேண்டும்.

புரதப் படிகங்களில் கூடுதல் செய்தி வேதியியலிலிருந்து வந்தது. ஹீமோகுளோபினோடு பாதரச அணுக்களைப் பிணைத்து, அதனால் வீச்சுகள் மாறும் அளவைக் கொண்டு கட்டத்தைக் கணிக்கலாம் என்று மாக்ஸ் பெரூட்ஸ் 1953-இல் கண்டார்.

இன்னொரு சிக்கல்: 1, 5, 6-க்கும் அதைத் திருப்பிய 6, 5, 1-க்கும் வீச்சு ஒன்றே. ஆகவே, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் மூலக்கூறு வலக்கையா இடக்கையா என்பதைச் சாதாரணச் சிதறல் சொல்லாது. சில அணுக்கள் கதிரை உட்கவரும் அலைநீளத்தை நெருங்கும்போது இந்தச் சமநிலை சற்றே குலைகிறது. அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே கட்டத்தைக் கணிக்கும் வழியை ராமச்சந்திரனும் எஸ். ராமனும் 1956-இல் வகுத்தார்கள்.