இறுகும் கம்பி, தளரும் தோல் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற சென்னை இசைக்குழு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதைச் சென்னை ராக் இசையின் வளர்ச்சி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பள்ளி நாளிலிருந்து கிடார் வாசிக்கிறேன். அந்தக் குழுவில் கிடார் பின்னால் போய், சட்டி, மோளம் என்ற தோல்வாத்தியங்கள் முன்னால் வந்துவிட்டன. பாட்டு மேடைப் பேச்சாகிவிட்டது. வடசென்னைக் கானாவுக்கும் எங்கள் மலைக்கும் என்ன தொடர்பு?

(பெயர் வேண்டாம்)
குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

கிடார் பின்னால் போனது உண்மை. அதைத்தான் வளர்ச்சி என்றேன்.

தொண்ணூறுகளில் சென்னையில் படித்தபோது, கல்லூரி விழாக்களில் ராக் போட்டி என்றால் கடைசிவரை எழுந்திருக்க மாட்டோம். ஐஐடி விழாவுக்கு அப்போது மார்டி கிரா என்று பெயர். பிறகுதான் சாரங் ஆனது. மேடை ஏறியவர்கள் நன்றாகவே வாசித்தார்கள். கேசட்டில் கேட்ட லீடை, அதாவது கிடாரின் தனி வாசிப்பை, பிசகாமல் வாசித்தவனுக்குக் கைதட்டல் பறக்கும். வேறொரு கல்லூரி விழாவில் என் அறைத்தோழன் சொந்தமாக ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்தான். இரண்டாவது வரியிலேயே ஊளையிட்டு இறக்கிவிட்டார்கள். ஊளையிட்டவர்களில் நானும் உண்டு.

அதே ஊரில்தான் 2017-ல் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து இந்தக் குழுவுக்கு ஆள் திரட்டின. டென்மா ‘குரங்கன்’ என்ற தமிழ்க் குழுவில் வாசித்தவர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. மேடையில் 19 பேர். டிரம்ஸுக்கும் கிடாருக்கும் பக்கத்தில் பறை, சட்டி, கட்டமோளம். சாவு வீட்டு வாசலைத் தாண்டி யாரும் உள்ளே அழைக்காத வாத்தியங்கள். அங்கே தாளம் கானாவுடையது. கிடார் அதன் இடைவெளிகளில் வெட்டி வெட்டி வருகிறது. முன்னால் நின்று லீட் வாசிப்பதைவிட அது கடினம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேடைப் பேச்சு என்கிறீர்கள். சில பாட்டுகளில் வாசகம் மெட்டைத் தின்றுவிடுகிறது. அந்த இடத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் குழுவின் பாடகி இசைவாணி கானா பாடும்போது அந்தக் குறையே எனக்குத் தோன்றுவதில்லை.

மலைக்கு என்ன தொடர்பு என்று கேட்டதும் சிரித்துவிட்டேன். குழுவின் பெயரே சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பண்டிதர் வளர்ந்தது நீலகிரியில். 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபை மாநாட்டை அவர் கூட்டியதும் அங்கேதான். குழுவில் பாடிய அறிவு என்ற பாடகர், 2021-ல் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டில் கொண்டுவந்த தன் பாட்டியோ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு நீலகிரியில் தேயிலை நட்டது. இன்று அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம். உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

சென்ற ஐப்பசியில் கோத்தகிரிப் பக்கம் அப்படி ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். திண்ணையில் நான்கு பையன்கள், ஒரு கிடார், சின்ன ஆம்ப்ளிஃபயர். வாசலில் கவாத்துக் குச்சிகளை எரித்து ஒரு பெரியவர் தப்பு என்ற பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். இலங்கைத் தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் காலை அணிவகுப்புக்கு, தப்படித்து ஆள் எழுப்பியவர் அவருடைய அப்பா. அறைக்குள் சுருதி சேர்த்த கிடாரைத் திண்ணைக்குக் கொண்டுவந்ததும் குளிரில் கம்பி இறுகிச் சுருதி ஏறிவிட்டது. தப்பின் தோலோ ஈரக்காற்றில் தளர்ந்து இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு பாட்டுக்கு ஒருமுறை பையன் கம்பியைத் தளர்த்துவான், பெரியவர் எழுந்து நெருப்புக்குப் போவார். மூன்றாவது முறை பையன் அவசரப்பட்டான்.

“கம்பியை விட்டுவிடு தம்பி. தோல் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு உன் கம்பியைத் திருகு.”

பையன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். பெரியவர் தோலை விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தீயில் பிடித்து, மறுபடி சுண்டினார். பிறகுதான் தலையசைத்தார்.

அவர்களுக்கு இரண்டாவது கிடார் ஒன்று தேவைப்படுகிறது. குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு பஸ் இருக்கிறது; அங்கிருந்து நான் அழைத்துப் போகிறேன். முன்னால் நின்று வாசிக்க மட்டும் அந்தத் திண்ணையில் இடம் கிடையாது.