அது ரிவால்வர் இல்லை

கேள்வி: முதல் உலகப் போரை ஆரம்பித்து வைத்தது ஒரு சின்ன ரிவால்வர் என்கிறார்கள். ஆளைக் கொல்வதற்கென்றே, சட்டைப் பையில் மறைக்கிற அளவில் துப்பாக்கி செய்து விற்றவனைத்தானே முதலில் தூக்கில் போட்டிருக்க வேண்டும்? அந்த ரிவால்வர் இப்போது எங்கே இருக்கிறது?

பதில்: யார் அப்படிச் சொன்னது என்று நீங்கள் எழுதவில்லை. நம் பத்திரிகையாக இருக்காது என்று நம்புகிறேன். பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைச் சுட்ட காவ்ரிலோ பிரின்சிப்பின் கையில் இருந்தது பிஸ்டல். பெல்ஜியத்தில், லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் இருக்கும் எஃப்.என். தொழிற்சாலையில் செய்த 1910 மாடல். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும். பையில் போட்டால் வயிறு புடைத்த மாதிரி தெரிவது அந்த உருளையால்தான். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதனால் ஆயுதம் தட்டையாக இருக்கும். நீங்கள் பையைப் பற்றிப் பேசுவதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

தூக்குக் கயிற்றை யாருக்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பிஸ்டலை வடிவமைத்த ஜான் பிரவுனிங், 1855ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கி செய்கிறவர். 1910 மாடலைத் தயாரிக்க அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் ஆர்வம் காட்டவில்லை, பெல்ஜியக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1926 நவம்பரில் அதே பெல்ஜியத் தொழிற்சாலையில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். பிரெஞ்சில் வெகுகாலம் 'பிரவுனிங்' என்றாலே பிஸ்டல் என்றுதான் அர்த்தம்.

சரி, 'கொல்வதற்கென்றே' செய்தாரா? துப்பாக்கி சுடுவதற்குத்தான் செய்யப்படுகிறது, அதை மறுக்க நான் யார். ஆனால் இந்த மாடலில் பிரவுனிங் எதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார் என்று பாருங்கள். பின்பக்கம் துருத்திக்கொண்டு சட்டைத் துணியில் மாட்டும் சுத்தி இதில் இல்லை. தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி ஸ்லைடுக்குள்ளேயே, அதாவது குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்துக்குள்ளேயே, ஒளிந்திருக்கிறது. குறி பார்க்கும் முனைகூட மேலே நீட்டிக்கொண்டு இல்லை, ஸ்லைடின் முதுகில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் இறக்கிவிட்டார். அப்புறம் மூன்று பாதுகாப்புகள். இடப்பக்கம் கட்டைவிரலால் ஏற்றி இறக்கும் ஒரு நெம்பு. கைப்பிடியின் பின்புறம் ஒரு தகடு, உள்ளங்கை அதை அழுத்திப் பிடித்தால் ஒழிய விசை வேலை செய்யாது. மூன்றாவது, தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசீனை உருவிவிட்டால் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் சுடாது. 'மேகசீனைக் கழற்றிவிட்டேனே, இனி என்ன' என்று நினைத்து விசையை இழுப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது அது.

இவ்வளவும் யாரைக் காப்பாற்ற? எதிரில் நிற்பவனை இல்லை, பையில் வைத்திருப்பவனின் தொடையை! பத்து வருஷத்தில் ஒரு தடவைகூடச் சுடப்போகாத ஆள் தினமும் சுமந்து திரிவதற்கான வடிவம் இது. கொலைகாரனை நினைத்துச் செய்ததற்கான தடயம் எனக்கு இதில் தெரியவில்லை.

இன்னொரு சாமர்த்தியம் ஸ்பிரிங். பிரவுனிங்கின் 1900 மாடலில் அது குழலுக்கு மேலே இருந்தது, கோல்ட் வெளியிட்ட 1903 மாடலில் குழலுக்குக் கீழே. இரண்டிலும் ஒரு மாடி கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. 1910ல் குழலையே அச்சாக வைத்து ஸ்பிரிங்கை அதன்மேல் சுற்றிவிட்டார். மூக்கில் சொரசொரப்பான ஒரு வளையம், அதுதான் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்துகிறது. பிரிக்க வேண்டுமானால் வளையத்தை உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். விரல் நழுவினால் வளையம் ஒரு மூலையில், ஸ்பிரிங் இன்னொரு மூலையில். 1929ல் வந்த ஜெர்மனியின் வால்தர் பிபி பிஸ்டல், அதன் தம்பியான பிபிகே, பிற்பாடு சோவியத்தின் மகரோவ் எல்லாமே குழலைச் சுற்றி ஸ்பிரிங் போடும் இந்த வழியில் வந்தவைதான்.

சுடும்போது ஸ்லைடைக் குழலோடு பிணைத்து வைக்கும் பூட்டு உள்ளே கிடையாது. சுட்டதும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது, தோட்டாக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. ஸ்லைடு கனம் என்பதால் மெதுவாகத்தான் நகரும், அதற்குள் குண்டு வெளியேறிவிடும். பிறகு ஸ்லைடு பின்னால் போய் வெற்றுக்கூட்டை எறிந்து, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஆனால் அடுத்த குண்டுக்கு விசையை மறுபடி இழுத்தாக வேண்டும், அதனால்தான் 'செமி' ஆட்டோமேட்டிக். பலமான தோட்டா போட்டால் அதற்கேற்ப ஸ்லைடும் கனக்கும், பை கிழியும். ஆகவே பாக்கெட் பிஸ்டலுக்கு மிதமான தோட்டாதான்: 7.65 மி.மீ. என்றால் மேகசீனில் ஏழு, 9 மி.மீ. ஷார்ட் என்றால் ஆறு. குழலை மட்டும் மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். மொத்த எடை சுமார் 600 கிராம், நீளம் 15 சென்டிமீட்டர் சொச்சம்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தட்டையாக, வழவழப்பாக, எதிலும் மாட்டாமல் வெளியே வரும் ஆயுதம் யாருக்கெல்லாம் பிடிக்கும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1904ல் ஹெல்சின்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவைச் சுட்டதும், 1909ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமியைச் சுட்டதும் எஃப்.என். 1900. சரயேவோ சதிகாரர்களுக்கு செர்பியாவிலிருந்து வந்தவை நான்கு 1910 மாடல்கள், கூடவே ஆறு வெடிகுண்டுகள். அன்று காலை முதலில் வீசப்பட்டது வெடிகுண்டுதான். அது இளவரசருக்குப் பின்னால் வந்த காரில் இருந்தவர்களைக் காயப்படுத்தியது. பிறகு டிரைவர் தப்பான தெருவில் திரும்பி, பிரின்சிப் நின்ற இடத்துக்கு முன்னால் காரை நிறுத்தினார். இரண்டே குண்டுகள். பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோஃபியும் இறந்தார்கள். (பிரின்சிப் அப்போது சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார் என்பது கட்டுக்கதை. அதைக் கேட்டு அடுத்த கடிதம் வேண்டாம்.)

தூக்கு பற்றி இன்னொரு சேதி. சுட்டவனையே தூக்கில் போடவில்லை. வயது இருபதுக்குக் கீழ் என்பதால் சட்டம் அனுமதிக்கவில்லை. இருபது வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது, 1918 ஏப்ரலில் காசநோயால் சிறையிலேயே இறந்தான். போருக்குப் பிறகு உருவான செர்பிய, குரோவாசிய, ஸ்லோவேனிய அரசு தன் படைக்குத் தேர்ந்தெடுத்ததும் இதே பிஸ்டலைத்தான். குழலும் கைப்பிடியும் மட்டும் நீளமாக வேண்டும் என்றார்கள். எஃப்.என். ஸ்லைடைப் புதிதாக வடிக்கவில்லை, பழைய ஸ்லைடுக்கு மூக்கில் ஒரு ஒட்டுத்துண்டு மாட்டி வேலையை முடித்தது. பணத்தை மிச்சம் பிடிப்பதில் பெல்ஜியக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

சரயேவோ பிஸ்டல் 1900 மாடல் என்று வெகுகாலம் புத்தகங்களே தப்பாக எழுதின, ஆகவே ரிவால்வர் என்றதற்காக உங்களை அதிகம் கோபிக்க முடியாது. அந்தப் பிஸ்டல் பல பத்தாண்டுகள் ஆஸ்திரியாவின் ஏசு சபைப் பாதிரிமாரிடம் இருந்தது. அவர்கள் 2004ல் வியன்னா ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்கள். இளவரசர் வந்த காரும் அவர் போட்டிருந்த சீருடையும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. போனால் பாருங்கள். வாசலில் நிற்பவரிடம் 'ரிவால்வர் எந்தப் பக்கம்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.