நாற்பது மணி நேரத்தில் சிகிச்சையாளர்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்துவிட்டு, விவேக்நகர் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ்தான். குடித்துவிட்டு அடிக்கிற அப்பா, கண்ணெதிரே நடந்த விபத்து, உறவுக்காரர் ஒருவரின் தொல்லை என்று அவர்கள் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்கிறேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. ‘நாற்பது மணி நேரத்தில் சர்வதேச அங்கீகாரம் பெற்ற ட்ராமா தெரபிஸ்ட் (மனக்காயச் சிகிச்சையாளர்) ஆகுங்கள்’ என்று ஆன்லைனில் விளம்பரம் பார்த்தேன். பதிவு செய்த வீடியோ வகுப்புகள், கடைசியில் தேர்வு, கட்டணம் 28,000 ரூபாய். சேரலாமா? முடித்தபின் எங்கள் வீட்டு மாடி அறையில் தனியாகச் சிகிச்சை தரத் தொடங்கலாமா? நானும் சிறுவயதில் இப்படி ஒன்றைத் தாண்டி வந்தவள். அதனால் அந்தப் பிள்ளைகளின் வலி எனக்குச் சுலபமாகப் புரிகிறது.

பி.கு.: விசிட்டிங் கார்டில் ‘ட்ராமா தெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பணத்தைக் கட்டாதீர்கள். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு ஆண்டுகள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுவிட்டு, ‘அதற்கு மேல் என்ன செய்வது’ என்று நிற்கிறீர்களே, அந்த இடத்துக்கு வந்து சேராமலேயே சிகிச்சையாளர் ஆகிவிட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. நீங்கள் படிக்க வேண்டியவர்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்த வீடியோக்களில் இல்லை.

முதலில் அந்த ‘சர்வதேச அங்கீகாரம்’. அமெரிக்காவில் ஏற்கெனவே உரிமம் பெற்ற சிகிச்சையாளர்கள், உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இத்தனை மணி நேரம் தொடர்கல்வி படித்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் சேரும் வகுப்பு என்ற அனுமதியைத்தான் பல விளம்பரங்கள் பெரிய எழுத்தில் அங்கீகாரம் என்று போடுகின்றன. ஓட்டுநர் உரிமம் உள்ளவருக்கான மறுபயிற்சி வகுப்பில் நாம் போய் உட்கார்ந்தால், வெளியே வரும்போது நம் கையில் உரிமம் இருக்காது. அங்கீகாரம் தந்தது யார், எதற்காகத் தந்தார்கள், இந்தியாவில் அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களுக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் இரண்டு முறை படியுங்கள்.

நம் நாட்டில் ட்ராமா தெரபிஸ்ட் என்று சட்டம் வரையறுத்த தொழில் எதுவும் கிடையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோருக்கு வரையறை தருகிறது. மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். மனநலச் சமூகப் பணியாளர் என்றால், சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும், அதன்மேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பும் முடித்தவர். அதாவது முதல் பாதி உங்களிடம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கான இடங்களில் நாட்டிலேயே பெயர் பெற்றது ஓசூர் சாலையில், உங்களுக்கு பஸ் தூரத்தில் இருக்கிற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ். எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு விலக்கிக்கொண்டு வருவதால் படிப்பின் பெயரும் வடிவமும் மாறுகிற காலம் இது. எனவே பழைய மாணவர்கள் சொல்வதை நம்பாமல், நிம்ஹான்ஸின் புதிய சேர்க்கை அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நுழைவுத் தேர்வு உண்டு, இரண்டாண்டு வேலையை விட வேண்டும், வீட்டில் பேச வேண்டும். சின்ன விஷயமல்ல என்று தெரியும். ஆனால் மாடி அறையில் தனியாக உட்காரும் ஆசை இருந்தால் அதற்கான நேர்வழி இதுதான்.

சரி, இரண்டாண்டு விட முடியாது, மனக்காயத்துக்கான ஒரு முறையையாவது ஒழுங்காகக் கற்க வேண்டும் என்றால்? உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு இரண்டு வகைச் சிகிச்சைகளைப் பரிந்துரைக்கிறது. ஒன்று, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மற்றது இ.எம்.டி.ஆர். இது ஃபிரான்சின் ஷபிரோ 1987இல் தொடங்கிவைத்த முறை. சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் பின்தொடர்ந்தபடியே பழைய நினைவை எட்டுக் கட்டங்களில் அணுகுவது. இதன் அடிப்படைப் பயிற்சிக்கு இந்த முறைக்கான அமெரிக்கச் சங்கம் வகுத்திருக்கிற கணக்கைப் பாருங்கள்: 20 மணி நேரம் பாடம், 20 மணி நேரம் ஒருவர்மீது ஒருவர் செய்து பழகுவது, 10 மணி நேரம் நீங்கள் பார்க்கிற ஆட்களைப் பற்றி அனுபவசாலி ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது. இதுவும் மனநலத் துறையில் ஏற்கெனவே தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். உங்கள் விளம்பரத்தின் நாற்பது மணி நேரத்தில் இருப்பது பாடம் மட்டுமே. பழகுவதும் இல்லை, அந்தக் கடைசிப் பத்து மணி நேரமும் இல்லை.

குழந்தைகளுக்கென்றே வடிவமைத்த, மூன்று முதல் பதினெட்டு வயது வரைக்குமான டி.எஃப்.-சி.பி.டி. என்ற நடத்தைச் சிகிச்சை முறை ஒன்றும் இருக்கிறது. உங்கள் வேலைக்கு மிகவும் பொருந்துவது அதுதான். அதில் பெற்றோரும் பங்கெடுப்பார்கள். அமெரிக்காவில் அதற்குச் சான்றிதழ் வாங்க, உரிமம் பெற்ற ஒருவர் நேரடிப் பயிற்சிக்குப் போக வேண்டும், பிறகு மாதக்கணக்கில் ஆலோசனை அழைப்புகளில் கலந்துகொள்ள வேண்டும், மூன்று குழந்தைகளுக்குச் சிகிச்சையை முழுவதுமாக முடித்திருக்க வேண்டும், அதன்பிறகே தேர்வு. எங்கு பார்த்தாலும் கனம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது: நீங்கள் வேலை செய்வதை இன்னொருவர் பார்த்து, திருத்தி, மறுபடி அனுப்புவது. நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் அதைத்தான்.

அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். அப்பா பெல்ட்டால் அடித்ததை ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். உங்களுக்கு வயிற்றைப் பிசைகிறது. உடனே, ‘உன்மேல் தப்பில்லை கண்ணா’ என்று ஆறுதல் சொல்கிறீர்கள். அவன் தலையாட்டிவிட்டு கிரிக்கெட் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். அமர்வு நல்லபடியாக முடிந்தது என்று நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். வீடியோ வகுப்பும் உங்களுக்கு முழு மதிப்பெண் தரும், ஏனென்றால் சொன்ன வாக்கியம் சரியானதுதான். மேற்பார்வையாளர் ஒருவர்தான் கேட்பார்: ‘அவன் சிரித்தானே, அங்கே ஏன் அவசரப்பட்டீர்கள்? ஆறுதல் அவனுக்கா, உங்களுக்கா?’ இந்தக் கேள்வி நல்ல கையில் இருந்து வந்தால் சுடும். அடுத்த வாரம் அந்தப் பையன் சிரிக்கும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள். அவனே மேற்கொண்டு சொல்வான்.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்களும் ஒன்றைத் தாண்டி வந்ததால் அவர்கள் வலி சுலபமாகப் புரிகிறது என்கிறீர்கள். எனக்கு அந்த ‘சுலபமாக’தான் கவலை தருகிறது. பட்டவர்களுக்குப் பட்டவர்களிடம் ஒரு நெருக்கம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கதை முந்திக்கொள்ளும். இன்னும் சில நாட்களில், வெள்ளிக்கிழமை மதியம் கேட்டது ஞாயிற்றுக்கிழமை இரவும் உங்களை விடாது. பிறர் வலியைக் கேட்டுக் கேட்டே கேட்பவருக்கும் அதே அறிகுறிகள் தொற்றுவது இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. எனவே பயிற்சிக்கு முன்போ, கூடவோ, உங்களுக்கென்று ஒரு சிகிச்சையாளரிடம் சில மாதங்கள் போய்வாருங்கள். நோயாளியாக மட்டுமல்ல, நாற்காலியின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவும்தான். அந்த 28,000 ரூபாயில் ஒரு பகுதி இதற்குப் போகட்டும்.

மேற்பார்வையாளரைத் தேடும்போது மொழியைப் பற்றியும் கேளுங்கள். பெங்களூரில் பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். வகுப்பில் எல்லாருக்கும் நாக்கு நன்றாகப் புரளும். திங்கட்கிழமை விவேக்நகரில் ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் அதையே தமிழில் சொல்ல வாய் திறந்தால் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் வரும். செய்து பழகும் நேரத்தை மட்டுமாவது தமிழிலோ கன்னடத்திலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சிகிச்சைக்கு ஆட்கள் வரும் ஊர் இது. தமிழில் வேலை செய்து பழகிய மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

இதெல்லாம் நடக்க ஓராண்டாவது ஆகும். நாளைக்குப் பள்ளியில் மணி அடித்ததும் ஒரு குழந்தை பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால்? அதற்கு உளவியல் முதலுதவி போதும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் இதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. ஓரிரு நாளில் கற்கலாம், சிகிச்சையாளராக இருக்க வேண்டியதில்லை. பார், கேள், இணைத்துவிடு என்ற மூன்றுதான் அதன் சாரம். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள், நேர் எதிரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில், அவளுக்கும் கதவுக்கும் நடுவில் வராமல். ‘கதவு திறந்துதான் இருக்கு, நான் இங்கேயே இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு அவகாசம் கொடுங்கள். என்ன நடந்தது என்று குடையாதீர்கள். சம்பவம் முடிந்த கையோடு எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்ல வைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதனால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று தெரிந்து கைவிட்டார்கள். நம் பள்ளிகளில் மட்டும் அது இன்னும் ‘மனம் விட்டுப் பேசச் சொல்லுங்கள்’ என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது.

அன்று மாலை அவள் அம்மா வருவார். சிவாஜிநகரில் மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று என்பார். முகம் சுளிக்காதீர்கள். கட்டிய பிறகு தூங்கினாளா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் அம்மா உங்கள் பக்கம் வந்துவிடுவார். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் இல்லை, திடுக்கிடுகிறாள், அந்த இடத்துப் பக்கமே போக மறுக்கிறாள் என்றால் நீங்கள் காத்திருக்கக் கூடாது, நிம்ஹான்ஸின் குழந்தை மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி நேரத்தில் அந்தக் குடும்பம் கூப்பிட 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

வெளிநாட்டு வீடியோ உங்களுக்குச் சொல்லித் தராத இன்னொன்று உண்டு. உறவுக்காரரின் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாலியல் தொல்லையாக இருந்து, குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லையென்றால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. குடும்பம் வேண்டாம் என்று கெஞ்சும், பள்ளி நிர்வாகம் பெயர் கெடும் என்று தயங்கும். எனவே ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உன்னைப் பத்திரமாக வைக்க வேண்டியிருந்தால் மட்டும் சிலரிடம் சொல்வேன்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்கப் பயிற்சி அமெரிக்கச் சட்டத்தைச் சொல்லித்தரும், அது நமக்கு உதவாது. ஏற்கெனவே அப்படி ஒன்று உங்கள் காதில் விழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல்தான் எனக்கு எழுதினீர்கள் என்றால், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை கூடக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

மாடி அறையை இப்போதைக்கு வாடகைக்கு விடுங்கள்.

பின்குறிப்புக்குப் பதில்: போடக் கூடாது. உங்கள் பெயர், எம்.எஸ்.டபிள்யூ., பள்ளி ஆலோசகர், கீழே ‘தமிழ், கன்னடம், ஆங்கிலம்’. இவ்வளவு போதும்.